பாதி எஞ்சினில் பிறந்த விட்டில்பூச்சி

முதலியார்பேட்டை ஆலைச் சங்குகளைப் பற்றி எழுதிய பதிவுக்கு நிறையப் பேர் போன் செய்து பேசினீர்கள். மகிழ்ச்சி. இந்த முறை தரையை விட்டுக் கொஞ்சம் மேலே போகலாம் என்று இருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முன் வந்த ஒரு சின்ன விமானத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முப்பது வருஷம் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்திய எனக்கு விமானத்தில் திடீரென்று என்ன அக்கறை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அந்த விமானத்தின் பெயர் மாத். மாத் என்றால் விட்டில்பூச்சி. இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்தது. கம்பெனியின் தலைவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்குப் பூச்சிகளைப் பற்றிப் படிப்பதில் ஆசை அதிகம். இந்த விமானத்தின் இறக்கைகளைப் பின்பக்கமாக மடித்து வைக்கலாம். மடித்தால் பத்தடி அகலத்துக்குள் அடங்கிவிடும், ஒரு கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிடலாம். இறக்கையை மடித்து உட்காரும் பூச்சியின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்.

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தபோது விமானங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை போர் விமானங்கள். பெட்ரோல் குடிக்கும், பராமரிக்க ஒரு பட்டாளமே வேண்டும். சாதாரண மனிதன் ஓட்டிப் பழக ஒரு வண்டி இல்லை. இங்கிலாந்தில் 1923-ல் லிம்ப் என்ற ஊரில் சின்ன விமானங்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். எஞ்சின் 750 சி.சி.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நம் ஊர் புல்லட்டு மோட்டார் சைக்கிளே 350 சி.சி. அப்படியென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டி ஹாவிலண்டும் ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினை மாட்டி ஒற்றை ஆள் விமானம் ஒன்று செய்தார். பறந்தது, ஆனால் எதிர்க்காற்று அடித்தால் திணறியது. அடுத்த வருஷம் இரண்டு பேர் உட்காரும் விமானம், 1100 சி.சி. எஞ்சின் என்று போட்டி வைத்தார்கள். அவர் கலந்துகொள்ளவே இல்லை. இரண்டு ஆளைச் சுமக்க அந்த எஞ்சினுக்கு மூச்சு போதாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வேறு வழியில் போய்ப் பார்த்தார். போரில் மிஞ்சிய பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைப் போட்டு ஒரு விமானம் செய்தார். அது கனம், விலையும் அதிகம். ஒன்று நோஞ்சான், இன்னொன்று குண்டன் என்று ஆகிவிட்டது. நடுவில் ஒன்று வேண்டும்.

இங்கேதான் நம்ம புதுச்சேரிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஃபிராங்க் ஹால்ஃபோர்டு என்று ஒரு எஞ்சின் நிபுணர். போர் முடிந்து மிஞ்சிய பிரெஞ்சு ரெனோ எஞ்சின்களைச் சீர்படுத்தி விற்கும் கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். அவை வி வடிவத்தில், ஒரு பக்கம் நாலு, இன்னொரு பக்கம் நாலு என்று எட்டு சிலிண்டர் கொண்டவை. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் வரிசையாக நாலு சிலிண்டர். டி ஹாவிலண்ட் கேட்டதும் இதைத்தான். ஹால்ஃபோர்டு புதிதாக ஒரு கிராங்க் கேஸ் செய்து அதன் மேல் பழைய ரெனோ பாகங்களைப் பொருத்தினார். காற்றாலேயே குளிரும், ரேடியேட்டர் வேண்டாம். 60 குதிரைசக்தி வந்தது. சிரஸ் என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு இது புரியும். புது எஞ்சின் ஒன்றை அடியிலிருந்து வரைந்து, வார்த்து, ஓட்டிப் பார்த்து, பழுது கண்டுபிடித்து முடிக்க வருஷக்கணக்காகும், கையில் இருக்கும் காசும் கரையும். கிடங்கில் தூங்குகிற பழைய பாகத்தைக் கொண்டு செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிரெஞ்சுக்காரன் எஞ்சினைப் பாதியாக்கி இங்கிலீஷ்காரன் விமானம் விட்டான் என்று நான் சொன்னபோது, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் என் சொல்தா நண்பர் ஒருவர், "அதான் பறந்துச்சு" என்றார்.

1925 பிப்ரவரி 22-ல் லண்டன் பக்கத்தில் ஸ்டாக் லேன் மைதானத்தில் முதல் மாத் பறந்தது. அதே மே மாதம் ஆலன் காபம் என்ற விமானி அதில் லண்டனிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் போய் அன்றைக்கே திரும்பி வந்தார். அதற்குப் பிறகு யாரும் அதை விளையாட்டுச் சாமான் என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் அரசு ஃபிளையிங் கிளப்களுக்கு மானியம் கொடுத்து இந்த விமானத்தையே வாங்கித் தந்தது. பத்து வருஷத்துக்கு முன் பட்டாளத்தானும் பணக்காரனும் மட்டும் பறந்த இடத்தில், லண்டனில் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக வேலை பார்த்த ஏமி ஜான்சன் என்ற பெண் கிளப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டார். 1930 மே மாதம் ஒரு ஜிப்சி மாத் விமானத்தில் தனியாக ஆஸ்திரேலியா வரை பறந்தார். வழியில் கராச்சி, அலகாபாத், கல்கத்தா என்று நம் நாட்டில் இறங்கிப் போனார்.

ஜிப்சி என்பது அடுத்த எஞ்சின். ரெனோ கிடங்குச் சரக்கு தீர ஆரம்பித்ததும், ஹால்ஃபோர்டையே கேட்டுக் கம்பெனி சொந்தமாகப் புது எஞ்சின் செய்துகொண்டது. 1928-லிருந்து அது மாத்தில் வந்தது. 100 குதிரைசக்தி. விலை 650 பவுண்டு. அப்போது ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங் என்று கணக்கு, ஆகவே நம் காசில் ஏறக்குறைய 8,700 ரூபாய். அந்தக் காலத்தில் அது பெரிய தொகைதான். ஆனால் நாலு பேர் சேர்ந்த கிளப்பால் முடியும். பிரான்சில் மொரான்-சோல்னியே கம்பெனியும் உரிமம் வாங்கி மாத் செய்தது. ரெனோவுக்குக் கடன் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம்!

இந்தியாவுக்கும் மாத் சீக்கிரமே வந்துவிட்டது. 1920-களின் கடைசியில் டெல்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தாவில் கிளப்கள் தொடங்கின. சென்னையில் 1930-ல் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்தது. 1929 பிப்ரவரி 10-ல் இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே.ஆர்.டி. டாட்டா. ஆசிரியரோடு மூன்றே முக்கால் மணி நேரம் பறந்து பழகி, அதன் பிறகு தனியாகப் பறந்தார். இவரைப் பற்றி நம் ஊரில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. டாட்டா பாரிசில் பிறந்தவர், அம்மா பிரெஞ்சுக்காரி. அவரே அப்போது பிரெஞ்சுக் குடிமகன். இருபது வயதில் பிரெஞ்சுக் குதிரைப்படையில் கட்டாய சேவை செய்தார். நம்ம கணக்கில் அவரும் ஒரு சொல்தாதான். குடியுரிமையை விட்டதும் அதே 1929-ல்தான்.

அந்த வருஷக் கடைசியில் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையில் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு. மூன்று பேர் கிளம்பினார்கள். மன்மோகன் சிங், ஆஸ்பி எஞ்சினியர், டாட்டா. மூன்று பேர் கையிலும் ஜிப்சி மாத்தான். ஆஸ்பிக்கு அப்போது வயது பதினேழு, ரயில்வே எஞ்சினியர் ஒருவரின் மகன். டாட்டா இந்தியாவிலிருந்து கிளம்பினார், ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து. எகிப்தில் அபுகிர் மைதானத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஸ்பார்க் பிளக் இல்லாமல் பையன் மாட்டிக்கொண்டு நின்றான். டாட்டா தன்னிடம் இருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி முந்திக்கொண்டு பரிசை வாங்கினார். பிற்காலத்தில் நம் விமானப்படையின் தலைமைத் தளபதியாகவும் ஆனார். பிளக்கைக் கொடுக்காமல் இருந்திருந்தால் பரிசு டாட்டாவுக்கு வந்திருக்கலாம். இந்தக் கதையை நான் என் மாணவர்களுக்குப் பிளக் பாடம் நடத்தும்போதெல்லாம் சொல்வேன். இடைவெளி அளவு மறந்தாலும் கதை மறக்க மாட்டார்கள்.

1932 அக்டோபர் 15-ல் டாட்டா கராச்சியிலிருந்து தபால் பையோடு பம்பாய் வந்து இறங்கினார். அதே குடும்பத்து விமானம், பஸ் மாத், மூடிய அறை உள்ளது. அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டு வந்தார். டாட்டாவின் விமானத் தபால் தொடங்கியது இப்படித்தான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டி எப்படி இருக்க வேண்டும்?

போரின் ஆரம்பத்தில் பயிற்சியில் செத்த பையன்கள் ஏராளம். விமானம் சுழன்று விழத் தொடங்கினால் அதிலிருந்து எப்படி மீள்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. 1917-ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி ஒரு பள்ளி தொடங்கினார். ஆபத்தை மாணவனிடம் மறைக்காதே, ஆசிரியன் கூட இருக்கும்போதே அதற்குள் அழைத்துப் போய் வெளியே வரக் கற்றுக்கொடு என்பது அவர் கொள்கை. அதற்கு இரண்டு இருக்கை வேண்டும், இரண்டிலும் கைப்பிடியும் கால் மிதியும் வேண்டும், இரண்டும் இணைந்து அசைய வேண்டும். மாணவன் கையில் பிடித்திருக்கும் கம்பியில் ஆசிரியர் கை செய்வது தெரியும். எஞ்சின் சத்தத்திலும் காற்றிலும் பேச்சு கேட்காது, ஆகவே ரப்பர் குழாய் ஒன்று. ஆசிரியர் வாயிலிருந்து மாணவன் காது வரை. அந்தக் குழாய்க்கு இன்றும் காஸ்போர்ட் குழாய் என்றுதான் பெயர்.

மாத் இந்த முறைக்கு ஏற்றதாக அமைந்தது. விமானப்படைக்கு இன்னும் கொஞ்சம் மாற்றம் தேவைப்பட்டது. முன் இருக்கையைச் சுற்றி மேல் இறக்கையைத் தாங்கும் கம்பிகள், தலைக்கு மேலே பெட்ரோல் டாங்கி. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு ஆசிரியர் அவசரத்தில் வெளியே குதிக்க முடியாது. அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னால் நகர்த்தினார்கள். நகர்த்தினால் பாரம் ஒரு இடத்திலும் தூக்கும் விசை வேறு இடத்திலும் ஆகிவிடும். அதைச் சரிசெய்ய இறக்கைகளின் நுனியைப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். எஞ்சினையும் தலைகீழாகத் திருப்பி, சிலிண்டர்கள் கீழே தொங்கும்படி வைத்தார்கள். மூக்கு தாழ்ந்து முன்னால் நன்றாகத் தெரிந்தது. இப்படி உருவானதுதான் டைகர் மாத். 1931 அக்டோபர் 26-ல் முதலில் பறந்தது. பிறகு எட்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள்.

படத்தில் சாய்ந்த இறக்கையைப் பார்ப்பவர்கள் அழகுக்கு என்று நினைப்பார்கள். ஒரு வாத்தியார் உயிரோடு வெளியே வருவதற்காகச் செய்த ஏற்பாடு அது!

வண்டி எளிமையானது. எஃகுக் குழாய் உடம்பு, மர இறக்கை, மேலே துணி. பெட்ரோல் பம்பு கிடையாது, மேல் இறக்கையில் இருக்கும் டாங்கியிலிருந்து தானாகவே இறங்கும். செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது, ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். பிரேக்கும் கிடையாது. இதை ஓட்டுவது சுலபம், நன்றாக ஓட்டுவது கஷ்டம் என்று பழைய விமானிகள் எல்லாரும் சொல்வார்கள். காலும் கையும் ஒத்துப்போகாவிட்டால் விமானம் பக்கவாட்டில் வழுக்கும், கன்னத்தில் காற்று அடித்துச் சொல்லிவிடும். ஆனால் அதற்காக ஆளைக் கொல்லாது. ஐ.டி.ஐ.யில் நாங்கள் பழைய ஜீப்பைத்தான் மாணவர்களுக்குக் கொடுப்போம். கியர் தப்பாகப் போட்டால் அது கத்தும், ஆனால் உடையாது. தப்பை மூடி மறைக்கிற வண்டியில் பையன் ஒன்றும் கற்க மாட்டான். ஒரே தப்பில் ஆளைச் சாய்க்கிற வண்டியில் கற்பதற்கு நேரமே இருக்காது.

இரண்டாம் உலகப் போரில் பேகம்பேட்டையிலும் ஜோத்பூரிலும் நம் பையன்கள் டைகர் மாத்தில்தான் முதல் பாடம் படித்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்டில் வி.எம். கட்கே தலைமையில் நாமே ஒரு பயிற்சி விமானம் வடிவமைத்தோம். எச்.டி.-2. 1951 ஆகஸ்டு 5-ல் பறந்தது. முழு உலோகம், ஆனால் அதே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை. அதில் பொருத்திய எஞ்சினின் பெயர் சிரஸ் மேஜர். பாதி ரெனோவில் தொடங்கிய அந்தச் சிரஸ் வம்சம்தான்.

சரி, காரணத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. என் மகள் வயிற்றுப் பேத்தி இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தாள். பைலட் ஆக வேண்டும் என்கிறாள். உரிமம் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதற்குப் பல பத்து லட்சம் ஆகும். அரியாங்குப்பம் பக்கம் எனக்கு ஒரு மனை இருக்கிறது. அதை விற்றால் பெரும்பகுதி தேறும். மாப்பிள்ளை வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் எல்லார் கண்ணும் என் மேல்தான். மகனுக்கு இதில் வருத்தம். "அது அப்பா கடைசிக் காலத்துக்கு வெச்சிருக்கிற மனை. வேலை கிடைக்கலைன்னா?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏமி ஜான்சன் காலத்தில் அங்கே அரசு மானியம் கொடுத்தது, டைப்பிஸ்ட் பறந்தார். இங்கே ஒரு பெண் பறக்கத் தாத்தாவின் மனை போக வேண்டியிருக்கிறது.

என் மனைவிக்கு வேறு கவலை. "பொம்பளப் புள்ளைய ஒண்டியா மேல அனுப்புவாங்களா?" என்று கேட்டாள். 1936-ல் லாகூரில் சரளா தக்ரால் என்ற இருபத்தொரு வயதுப் பெண், நாலு வயதுக் குழந்தைக்குத் தாய், புடவை கட்டிக்கொண்டு ஜிப்சி மாத்தில் தனியாகப் பறந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அதான் ரெண்டு சீட்டு இருக்கே, இன்னொண்ணுல வாத்தியாரு இருப்பாருல்ல?" என்றாள்.

இருப்பார். ஆனால் ஒரு நாள் இறங்கிவிடுவார். டைகர் மாத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. நாலைந்து தடவை மாணவன் ஒழுங்காக இறக்குவதைப் பார்த்ததும், முன் இருக்கையில் இருக்கும் ஆசிரியர் மைதானத்திலேயே இறங்குவார். தன் இருக்கையின் வார்களை இறுக்கிக் கட்டுவார், தொங்கிக்கொண்டு கம்பியில் சிக்கக் கூடாது என்பதற்காக. ஒரு சுற்று போய் வா என்று சொல்லிவிட்டுப் புல்தரையில் நின்றுகொள்வார். மாணவனுக்கு முன்னால் காலி இருக்கை.

முதன்முதலில் ஒரு பையனை எஞ்சினைத் தனியாகப் பிரிக்க விட்டுவிட்டு, நான் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன. உள்ளே ஸ்பேனர் விழுந்தால் கால் தானாக நகரும், போகக் கூடாது. முப்பது வருஷத்தில் எனக்குப் பழகாமலே போன வேலை அது ஒன்றுதான். இதை மனைவியிடம் சொன்னேன். "அப்போ நீங்க பயப்படுறீங்க" என்றாள். ஆமாம் என்றேன்.

முடிவைச் சொல்லிவிடுகிறேன். பேத்தி முதலில் மருத்துவத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது கிடைத்தால் மனையை விற்பது என்று தீர்மானித்திருக்கிறேன். மகனிடம் கணக்கைத் திறந்து காட்டினேன். என் பென்ஷனும் இந்த வீடும் எங்கள் இருவருக்கும் போதும். அவன் இன்னும் முழு மனதோடு சம்மதிக்கவில்லை, ஆனால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வில்லங்கச் சான்று எடுக்க அவன்தான் போனான்.

2012 அக்டோபர் 8, விமானப்படை நாளன்று, புதுப்பித்த ஒரு டைகர் மாத்தைப் பறக்கவிட்டார்கள். ஜெட் விமானங்களுக்கு நடுவே தையல் மெஷின் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனது. அதன் படம் இணையத்தில் இருக்கிறது, பேரப்பிள்ளைகளைத் தேடித் தரச் சொல்லிப் பாருங்கள்.

உங்களில் யாருடைய அப்பாவோ மாமாவோ மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பில் பழகியிருந்தாலோ, மெக்கானிக்காக வேலை செய்திருந்தாலோ, அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள். விசிறியைக் கையால் சுற்றி எஞ்சினைக் கிளப்பியவர்கள் யாராவது இன்னும் இருந்தால் நேரிலேயே வந்து பார்க்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன், போன் செய்யலாம்.